எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: செய்துகொள்ளலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். அறுவை சிகிச்சை நிபுணர் படம் வரைந்து விளக்கிய பிறகு, அந்தத் தாளோடு என் அறைக்கு வருபவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை என்னிடம் கேட்கிறார்கள். கூட வந்தவர் வெளியே போன பிறகு இன்னும் சிலவற்றைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் அஞ்சுவது அறுவை அரங்கைப் பற்றித்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் நான் பார்த்த பாதிப்புகளில் பெரும்பகுதி வந்தது இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆண்டில். மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் பரிசோதனைக்கு வராமல் விட்டவர்களுக்கும் வந்தது. அதனால் கீழே உள்ள பதில்களில் அறுவைக்குப் பிந்தைய காலத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் உடலைச் சோதித்துப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்று அல்ல.

1. இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைதானே?

இல்லை. கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். அது தோலுக்கு அடியில் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் கொழுப்பை நீக்கி வடிவத்தைத் திருத்தும். சர்க்கரை நோயையோ ரத்த அழுத்தத்தையோ தொடாது. இங்கே பேசப்படுவது இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவை சிகிச்சை. பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை என்பது இதைத்தான். இப்போது பெரும்பாலும் வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள்.

2. எனக்கு ஸ்லீவ் என்கிறார்கள், என் அண்ணிக்கு பைபாஸ் செய்தார்கள். என்ன வித்தியாசம்?

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். குறுகிய, நீளமான ஒரு குழாய் மட்டும் மிஞ்சும். குடலில் கை வைப்பதில்லை. வெட்டி எடுத்த பகுதியைத் திரும்பப் பொருத்த முடியாது. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவுக்கு, சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமல் கடந்து போகும். ஒதுக்கப்பட்ட இரைப்பை உள்ளேயேதான் இருக்கும். தேவைப்பட்டால் பழையபடி இணைக்கலாம் என்றாலும் அது எளிய வேலை அல்ல.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பட்டை நழுவுவது, இரைப்பைச் சுவரை அரிப்பது, எடை போதுமான அளவு குறையாதது என்று பல காரணங்களால் அது பின்னுக்குப் போய்விட்டது. போட்டவர்களில் பலருக்குக் கழற்ற வேண்டியும் வந்தது. இரைப்பைக்குள் பலூன் வைப்பது அறுவை சிகிச்சையே அல்ல. பெரும்பாலான பலூன்களை 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு எடை மெல்ல ஏறுவது வழக்கம்.

3. வாயைக் கட்டினால் போதாதா? மன உறுதி இல்லாதவர்கள்தானே இதற்குப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியை நோயாளியை விட உறவினர்களே அதிகம் கேட்கிறார்கள். நோயாளி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவர் எத்தனையோ முறை வாயைக் கட்டியவர்தான். குறைந்த எடை திரும்ப ஏறிய பிறகுதான் இங்கே வந்திருக்கிறார்.

உடல் தன் எடையைக் காத்துக்கொள்ளப் போராடும். உணவைக் குறைத்து எடை இறங்கியதும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன. வயிறு நிறைந்த உணர்வைத் தருபவை குறைகின்றன. உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. இந்த ஹார்மோன் மாற்றங்கள் ஓராண்டு கழிந்த பிறகும் நீடிப்பதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, உணவுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டவர் ஓராண்டாகத் தீராத பசியோடு போராடியவர்.

இந்த அறுவை சிகிச்சை இரைப்பையைச் சிறிதாக்குவதோடு நிற்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் முக்கியமாக இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் முறையில் அந்தப் பகுதியே வெளியே போய்விடுகிறது. இரண்டு முறைகளிலும் ஜிஎல்பி-1 போன்ற, பசியை அடக்கும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. மன உறுதி அதன் பிறகும் வேண்டும். ஆனால் உடலே எதிராளியாக நிற்கும் நிலை பெருமளவு தணிகிறது.

4. எனக்கு 20 கிலோ அதிகம். நான் செய்துகொள்ளலாமா?

கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீடு கிடைக்கும். 1.65 மீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 40-ஐச் சற்றே தாண்டும்.

1991-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டுதலின்படி, குறியீடு 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35-உடன் பருமன் சார்ந்த கடுமையான நோய் என்பதே அளவுகோலாக நெடுங்காலம் இருந்தது. 2022-இல் பேரியாட்ரிக் நிபுணர்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் அமெரிக்கச் சங்கமும் அதைத் திருத்தின. இப்போது 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்த நோய்கள் வருவதால், அவர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் அந்த அமைப்புகள் கூறுகின்றன.

பரிசீலிக்கலாம் என்பது செய்தே ஆக வேண்டும் என்பதல்ல. உங்களுக்கு 20 கிலோ அதிகம், ஆனால் சர்க்கரை, அழுத்தம், மூச்சு, கல்லீரல் எல்லாம் சீராக இருக்கின்றன, தோற்றம் மட்டுமே உறுத்துகிறது என்றால், அதற்காக இரைப்பையை வெட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

5. செய்துகொண்டால் எத்தனை கிலோ குறையும்?

பைபாஸில் மொத்த உடல் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவது வழக்கம். ஸ்லீவில் சராசரி அதைவிடச் சற்றுக் குறைவு. 120 கிலோ எடையுள்ளவர் 85 முதல் 95 கிலோவுக்குள் வந்து நிற்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்; ஆளுக்கு ஆள் மாறும். முதல் 6 மாதம் வேகமாக இறங்கும், ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் அடிமட்டத்தைத் தொடும். ஒல்லியாகிவிடுவேன் என்று எதிர்பார்த்து வருபவர்களிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டே காட்டுகிறேன்.

6. சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பலருக்கு மருந்தே தேவைப்படாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாள்களிலேயே சர்க்கரை அளவு சரியத் தொடங்குவதும் உண்டு. ஆனால் அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 150 பேரிடம் தொடங்கிய ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-இல் வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6 சதவீதமாகவோ அதற்குக் கீழோ இருந்தவர்கள், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மருந்தைவிட அறுவை பல மடங்கு மேல் என்பதும், செய்துகொண்டவர்களிலேயே பெரும்பாலோர் ஐந்தாண்டு முடிவில் அந்த இலக்கில் இல்லை என்பதும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவருக்கும், இன்சுலின் தேவைப்படாதவருக்கும் வாய்ப்பு அதிகம். கணையம் களைத்துப்போன நிலையில் வருபவருக்குக் குறைவு. முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு இது தீர்வே அல்ல. அடங்கிய நோய் திரும்பவும் வரலாம் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.

7. சர்க்கரை தவிர வேறு என்ன நன்மை?

ரத்த அழுத்தம் இறங்கும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது குறையும், கல்லீரல் கொழுப்பு கரையும், முழங்கால் வலி தணியும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு மாதவிடாய் சீராவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆயுளைப் பற்றிய தெளிவான சான்று சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்விலிருந்து கிடைக்கிறது. 2020-இல் வெளியான அதன் கணக்கின்படி, அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுட்காலம், அதே பருமனோடு வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சுமார் 3 ஆண்டு அதிகம். பொது மக்களின் ஆயுட்காலத்தோடு ஒப்பிட்டால் அப்போதும் சுமார் 5.5 ஆண்டு குறைவு. நன்மை பெரியது, ஆனால் பழைய பாதிப்பு முழுவதும் அழிந்துவிடுவதில்லை.

8. நேராகக் கேட்கிறேன். உயிர் போக வாய்ப்பு எவ்வளவு?

அமெரிக்காவில் முதல் முறையாக இந்த அறுவை செய்துகொண்ட 4,776 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அறுவைக்குப் பிந்தைய 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். பித்தப்பை நீக்கம், மூட்டு மாற்று போன்றவற்றோடு ஒப்பிடத்தக்க அபாயம்தான்.

இது சராசரி. காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக் கட்டி வந்தவருக்கும், தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவருக்கும், சில அடி தூரம் நடக்கவே சிரமப்படுபவருக்கும், எடை மிக மிக அதிகமாக உள்ளவருக்கும் அபாயம் கூடும். உயிருக்கு உலை வைப்பவை முக்கியமாக மூன்று: காலிலிருந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ரத்தக் கட்டி, குடல் இணைப்பிலோ, வெட்டிய இடத்தை மூடிய ஸ்டேப்பிள் வரியிலோ ஏற்படும் கசிவு, மாரடைப்பு. இதனால்தான் அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்கிறோம். வலிக்கிறது, நாளைக்கு நடக்கிறேன் என்று படுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். கட்டுப்படாத சர்க்கரை, இரவில் நின்று நின்று வரும் மூச்சு, வீங்கிய இதயம் ஆகியவற்றோடு பத்து ஆண்டு வாழ்வதற்கும் ஓர் அபாயம் இருக்கிறது. அதை யாரும் ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டுத் தருவதில்லை. உங்கள் மருத்துவரிடம் இரண்டு எண்களையும் கேளுங்கள்.

9. வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

முதலில் நாடியைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே கூப்பிடுங்கள். கசிவு ஏற்பட்டால் வயிறு கல்லாக இறுகும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பருத்த உடலில் அது வெளியே தெரியாமலே போகலாம். நாடி அதற்கு முன்பே சொல்லிவிடும். வீட்டில் ஒருவருக்காவது நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் நான் அனுப்புகிறேன்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சு வாங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கம், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாவது, கறுப்பாக மலம் போவது இவையும் அப்படித்தான். விடியட்டும் என்று பொறுக்க வேண்டாம்.

10. எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

இதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பைபாஸ்தான் பொருத்தம். ஸ்லீவ் அதை மோசமாக்கலாம், இல்லாதவருக்கும் புதிதாக வரவழைக்கலாம். பின்லாந்தில் 240 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், பத்தாண்டு முடிவில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது.

11. முதல் சில வாரம் எப்படி இருக்கும்?

பெரும்பாலானவர்கள் ஒன்றிலிருந்து மூன்று நாளில் வீடு திரும்புகிறார்கள். முதலில் தெளிந்த நீர்மங்கள், பிறகு கெட்டியான நீர்மங்கள், மசித்த உணவு, மிருதுவான உணவு என்று ஏறி, வழக்கமான உணவுக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். என் மேசையில் 30 மில்லி அளவுள்ள சிறு பிளாஸ்டிக் குவளை ஒன்று இருக்கிறது. மருந்து பாட்டிலோடு வருமே, அந்த மாதிரி. அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, முழுவதையும் குடித்து முடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அறுவைக்கு முன்பே இதைச் செய்து பார்ப்பவருக்குப் பிறகு அதிர்ச்சி இருக்காது.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். இன்னும் ஒரு வாய் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வெளியே வரும்.

12. இனிப்பு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் படபடவென்று வந்து, வியர்த்துக் கொட்டுகிறது. மாரடைப்பா?

பைபாஸ் செய்தவர் என்றால் பெரும்பாலும் இது டம்பிங் எனப்படும் நிலை. சர்க்கரை செறிந்த உணவு குடலுக்குள் சட்டென்று இறங்குவதால், சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். படுத்து ஓய்வெடுத்தால் தணியும். இனிப்பைத் தவிர்த்து, சிறுசிறு அளவாகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் கட்டுப்படும்.

ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வந்தால் அது வேறு: இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவது. இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், வண்டி ஓட்டுபவர் என்றால் உடனடியாக. நெஞ்சு வலியும் கூட இருந்தால் டம்பிங் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

13. வைட்டமின் மாத்திரை எத்தனை மாதம் போட வேண்டும்?

வாழ்நாள் முழுவதும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சத்து மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இவை அடிப்படை. இரைப்பை அமிலம் குறைந்திருப்பதால் கால்சியம் சிட்ரேட் வகையே நன்றாக உடலில் சேரும். நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை, பிரித்துப் பிரித்து. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி தேவை. அளவை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார்.

கல்லீரலில் பி12 பல ஆண்டுக்கான சேமிப்பு இருக்கும். அதனால் மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே ஒன்றும் ஆகாது. முதல் ஆண்டுப் பரிசோதனையும் நன்றாகவே வரும். எல்லாம் சரியாக இருக்கிறதே, இனி எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்திய ஒரு பெண்மணி சில ஆண்டு கழித்து வந்தார். செருப்பு காலிலிருந்து கழன்றதுகூடத் தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் பின்னால் கிடக்கிறது என்றார். பாதத்தில் உணர்வு அந்த அளவுக்கு மங்கியிருந்தது. ஊசி போட்டு ஓரளவு மீட்டார்கள்; முழுவதும் திரும்பவில்லை. பி12 குறைவால் கெட்ட நரம்பு தாமதமாகக் கவனித்தால் அப்படித்தான்.

தயமின் எனப்படும் பி1 இதற்கு நேர்மாறு. சில வாரத்திலேயே தீர்ந்துவிடும். அறுவைக்குப் பிறகு நாள் கணக்கில் வாந்தி நிற்காமல் இருந்து, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது என்று ஏதேனும் தோன்றினால் அது மூளையைத் தாக்கும் அவசர நிலை. வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், இவருக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது, தயமின் கொடுங்கள் என்று குடும்பத்தினர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

14. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நின்றுவிடுமா?

மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை கொட்டுவது வழக்கம். எடை வேகமாகக் குறையும் எந்த நிலையிலும் இது வரும், பெரும்பாலும் தானாக நின்று வளர்ந்துவிடும். ஓராண்டைத் தாண்டியும் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரதம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

15. தோல் தொங்கிவிடுமாமே?

தொங்கும். வயிறு, மேல்கை, தொடை, மார்பு எல்லாவற்றிலும். உடற்பயிற்சி தசையைக் காக்கும், விரிந்த தோலை முழுவதும் இழுத்துப் பிடிக்காது. மடிப்புகளில் புண் வந்து தொல்லை கொடுத்தால், எடை நிலைபெற்ற பிறகு தோலை நீக்கும் தனி அறுவை சிகிச்சை உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். எடை குறைந்த பிறகும் கண்ணாடி முன் நிற்க மறுத்தவர்களை நான் அறிவேன்.

16. எடை திரும்ப ஏறிவிட்டால் எல்லாம் வீண்தானே?

ஐந்தாவது கேள்வியில் சொன்ன அடிமட்டத்தைத் தொட்ட பிறகு, சில கிலோ ஏறுவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கிறது. அது தோல்வி அல்ல. 130 கிலோவிலிருந்து 90-க்கு இறங்கி 97-இல் நிற்பவர், பழைய நிலையைவிட 33 கிலோ குறைவாக இருக்கிறார்.

சிலருக்கு அதிகம் ஏறுவதும் உண்டு. இரைப்பை அளவாகச் சாப்பிட வைக்கும். ஆனால் இனிப்புப் பானத்தையும், நாள் முழுவதும் கொறிப்பதையும் அதனால் தடுக்க முடியாது. சில சமயம் உடலியல் காரணமும் இருக்கும். ஏறுவது தெரிந்த உடனே வாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். 5 கிலோவில் வருபவருக்குச் செய்ய முடிந்ததை 25 கிலோவில் வருபவருக்குச் செய்ய முடிவதில்லை.

17. இப்போதுதான் ஊசி மருந்து வந்துவிட்டதே, எதற்குக் கத்தி?

நியாயமான கேள்வி. செமாகுளுடைடு ஊசி 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதத்தையும், டிர்செபடைடு அதன் உச்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதத்தையும் குறைத்தன. முந்தைய எடைக் குறைப்பு மருந்துகளில் இவ்வளவு கிடைத்ததில்லை. குறைந்த குறியீடு உள்ளவர்கள், அறுவையைத் தாங்க முடியாதவர்கள், அறுவைக்கு முன் எடையைக் குறைக்க வேண்டியவர்கள், பதினாறாவது கேள்வியில் சொன்னதுபோல் எடை ஏறியவர்கள் ஆகியோருக்கு இவை நல்ல வழி.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக ஆய்வு காட்டியது. மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். எனவே ஊசியும் நீண்டகால ஏற்பாடு. குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல் போன்றவை அதிலும் உண்டு. குறியீடு 45, 50 என்று இருப்பவருக்கும், நிரந்தரமாக மருந்து எடுக்க வழியில்லாதவருக்கும் அறுவைதான் இன்னமும் வலுவான வழி.

18. குழந்தைக்காகத்தான் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எப்போது கருத்தரிக்கலாம்?

12 முதல் 18 மாதம் காத்திருங்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் கருவுக்குச் சத்துக் கிடைக்காமல் போகலாம். எடை குறையத் தொடங்கியதும் கருமுட்டை வெளியாவது சீராகி, எதிர்பாராமல் கரு உண்டாவதும் நடக்கிறது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பக் காலச் சர்க்கரையைக் கண்டறியக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொன்னால், பைபாஸ் செய்தவர் என்பதைச் சொல்லிவிடுங்கள். டம்பிங் வரலாம், மாற்று வழியில் கண்காணிப்பார்கள்.

19. வழக்கமாகப் போடும் மாத்திரைகளைத் தொடரலாமா?

ஒவ்வொன்றையும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும், புகைப்பதும் அப்படித்தான். மெதுவாகக் கரையும்படி தயாரித்த மாத்திரைகள் முழுப் பலன் தராமல் போகலாம். தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், லித்தியம் ஆகியவற்றின் அளவை ரத்தப் பரிசோதனையோடு திருத்த வேண்டிவரும். சர்க்கரை, அழுத்த மருந்துகளைக் குறைக்காமல் பழைய அளவிலேயே தொடர்வதும் ஆபத்து.

வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். அதைத் தடுக்கப் பல மையங்களில் முதல் 6 மாதம் அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை தருகிறார்கள்.

20. எப்போதாவது மது அருந்துவேன். அதில் என்ன இருக்கிறது?

பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், அதிக நேரம் தங்கும். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு உள்ளவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதமாக இருந்து, இரண்டாவது ஆண்டில் 9.6 சதவீதமாக ஏறினார்கள். முன்பு அளவோடு இருந்தவருக்கும் இது நேரலாம். என்னைக் கேட்டால், விட்டுவிடுங்கள்.

21. எடை குறைந்துவிட்டது, ஆனால் என் மனைவி முன்பைவிடச் சோர்வாக இருக்கிறாள். ஏன்?

இதைக் கேட்டு வந்த கணவருக்கு முதலில் நன்றி சொன்னேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. துயரத்தை உணவால் ஆற்றிக்கொண்டவருக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபடுகிறது. எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த பிரச்சினைகள் அப்படியே நிற்கின்றன. அமெரிக்காவில் 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்களிடம் மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஆய்வில் விபத்து, தற்கொலை போன்ற, நோய் அல்லாத காரணங்களால் ஏற்பட்ட இறப்பு 58 சதவீதம் கூடியிருந்தது.

அதனால்தான் அறுவைக்கு முன் மனநல ஆலோசனை கேட்கிறோம். அதைச் சடங்காக முடித்துவிடாமல், பிறகும் தொடருங்கள். இருந்து என்ன பயன் என்பதுபோல் அவர் பேசினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துவாருங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி குறைவும் சோர்வாக வெளிப்படும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

22. பைபாஸ் செய்து மூன்று ஆண்டு ஆகிறது. விட்டு விட்டு வயிற்று வலி. வாயுதானே?

வாயு என்று ஒதுக்காதீர்கள். குடலை மாற்றி இணைத்ததால் உள்ளே சில இடைவெளிகள் உண்டாகும். எடை குறைந்து உள்கொழுப்பும் கரைந்த பிறகு அவை அகலமாகி, குடல் அதில் புகுந்து திருகிக்கொள்ளலாம். வலி வரும், போகும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஸ்கேன்கூடச் சரியாகத் தெரியலாம். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கவனம் தேவை. பைபாஸ் நடந்ததை எந்த அவசரப் பிரிவிலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

23. என் மகளுக்கு 16 வயது, 115 கிலோ. இந்த வயதில் போய் அறுவையா?

தயங்குவது இயல்பு. ஆனால் கடும் பருமன் உள்ள வளரிளம் பருவத்தினருக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது. 2023-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, 13 வயது முதல் தகுதியுள்ளவர்களை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்றது. பைபாஸுக்கு ஐந்தாண்டு கழித்து, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அடங்கியிருந்தது வளரிளம் பருவத்தினரில் 86 சதவீதம், பெரியவர்களில் 53 சதவீதம் என்று ஓர் ஒப்பீடு காட்டியது. அதே ஒப்பீட்டில் இரும்புச் சத்துக் குறைவும் மறு அறுவையும் இளையவர்களிடம் அதிகம்.

இங்கே முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மகள். பதின்மூன்றாவது கேள்வியில் சொன்ன மாத்திரைகளை இன்னும் அறுபது, எழுபது ஆண்டு போடப் போகிறவர் அவர். நீங்கள் இல்லாத அறையில் அவரிடம் நாங்கள் பேச அனுமதியுங்கள்.

24. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், கசிவும் மறு அறுவையும் உங்களிடம் எத்தனை சதவீதம், எனக்கு ஏன் இந்த முறை, இரவில் பிரச்சினை வந்தால் யார் எடுப்பார்கள், ஐந்தாவது ஆண்டிலும் என்னைப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் படுக்காதீர்கள். ஒரே சந்திப்பில் தேதி குறிக்கச் சொல்லும் இடத்திலும் வேண்டாம். அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி, தூக்கப் பரிசோதனை, மனநல மதிப்பீடு, புகையை நிறுத்த அவகாசம், கல்லீரலைச் சுருக்க இரண்டு வார உணவுத் திட்டம் இவற்றைக் கேட்கும் இடம் உங்களை அலைக்கழிக்கவில்லை, பாதுகாக்கிறது.

25. எல்லாம் கேட்ட பிறகு எனக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது. நான் கோழையா?

இல்லை. ஆயுள் முழுவதும் மாத்திரையும் பரிசோதனையும் என்னால் முடியாது என்று இப்போதே தெரிந்துகொண்டவர் சரியான முடிவைத்தான் எடுக்கிறார். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும். ஊசி மருந்தைப் பற்றிப் பேசலாம். தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் அதற்குரிய காற்றழுத்தக் கருவியை இன்றே தொடங்கலாம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்து, அறிக்கையோடு அதே மருத்துவரைப் பாருங்கள். எண்கள் மோசமாகிக்கொண்டே போனால் அப்போது மறுபடி பேசலாம். சிறுநீரகமும் இதயமும் கெட்ட பிறகு வந்தால், எட்டாவது கேள்வியில் சொன்ன ஆயிரத்துக்கு மூன்று என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.